இருபத்தைந்து எம்.எம். குழாய்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதத்தில் ஒரு தடவையாவது குழாயக்காவின் கதவைத் தட்டி, "பாத்ரூம் குழாய் ஒழுகுதுங்க, வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அக்கா கையிலிருக்கும் அரத்தைக் கீழே வைக்காமலே, "அந்தக் குழாய் இல்லைங்க, இது வேற குழாய்" என்பார். மனது சரியாக இருந்தால் பிளம்பரின் நம்பரையும் தருவார். போன வருடம் ஒரு ஐந்து மாதம் மட்டும், அப்படிக் கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். "ஒழுகறதுக்காவது உங்க வீட்ல குழாய்னு ஒண்ணு இருக்கே, சந்தோஷப்படுங்க" என்று ஒரு புது மாப்பிள்ளையிடம் அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அக்காவின் குழாய் அலுமினியக் குழாய். வெளிவிட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர், சுவரின் கனம் ஒன்றரை. பட்டறைப் பேச்சில் இருபத்தஞ்சு எம்.எம். அதை வளைத்து, துளைத்து, ரிவெட் அடித்து, இடுப்பு முறிந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கர் செய்வதுதான் அவர் தொழில். லாண்டரிக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. முன்னறையில் குழாய் வளைக்கும் இயந்திரம், அறுக்கும் ரம்பம், துளை போடும் டிரில். பின்னறையில் கைப்பிடி உறைகள், கால்களுக்கு மாட்டும் ரப்பர் குல்லாக்கள், செய்து முடித்த வாக்கர்கள். உதவிக்கு ஒரு வெல்டர். அவருக்கு ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது நாம் சொல்லும் விஷயத்தைப் பொறுத்து மாறும்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அவர் மாமியாரின் வாய்தான் காரணம். அதற்கு முன்னால் பதினோரு வருடம், கூடாரங்களுக்குக் குழாய் வளைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அதை மூடியபோது, பழைய இரும்பு விலைக்குப் போகவிருந்த வளைப்பு இயந்திரத்தையும் மீந்த குழாய்களையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பஸ் டிரைவரான கணவர், "கட்டில் போடற இடத்துல இதைப் போட்டா நாம எங்க படுக்கறது?" என்று கேட்டார். அடுத்த மாதமே மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது இரும்பு வாக்கர், ஐந்தரைக் கிலோ. "என்னைத் தூக்க ஒரு ஆளு, இதைத் தூக்க ஒரு ஆளுன்னு ரெண்டு பேரை வேலைக்கு வெச்சுட்டு அப்புறம் என்னை நடக்கச் சொல்லு" என்றார் அந்த அம்மாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்றே நாளில், கூடாரக் குழாய்களை வைத்து இரண்டு கிலோவில் ஒன்றைச் செய்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு மாமியார் முதன்முதலில் போன இடம் பக்கத்து வீடு. போன காரியம், மருமகளைப் பற்றிக் குறை சொல்வது.

அது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்டுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அக்காவுக்குச் சீட்டு அனுப்பும் வழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் அக்கா அந்த வீட்டுக்கே போய், ஆளை நிறுத்திப் பார்த்து, மணிக்கட்டு எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மாதம் எண்பது வாக்கர். அதற்கு நூற்றைம்பது கிலோ குழாய். அந்தக் குழாய்தான் போன வருடம் வரவில்லை.

முதல் மாதம் மொத்த வியாபாரி, "கப்பல் வரலைங்க மேடம்" என்றார். சரி, கப்பல் என்றால் தாமதமாகத்தான் செய்யும் என்று அக்கா இருப்பில் இருந்த குழாயை ஓட்டினார். இரண்டாவது மாதம் கேட்டபோது கப்பலைப் பற்றிப் பேச்சே இல்லை.

"ஏதோ ஒரு நாட்டுல மண்ணு வெட்டறதை நிறுத்திட்டாங்களாம் மேடம்."

"எந்த மண்ணு?"

"பாக்சைட்டு. அதுலேர்ந்துதானே அலுமினியமே எடுக்கறாங்க. செம்மண் மாதிரி இருக்கும்."

"எனக்கு மண்ணு வேண்டாங்க. குழாய் குடுங்க."

"மண்ணு இருந்தாத்தானே குழாய்?"

மூன்றாவது மாதம் காரணம் மின்சாரமாக மாறியது. உலோகத்தை உருக்கி எடுக்கும் ஆலைகளில் கரண்ட் விலை ஏறிவிட்டதாம், பாதி உலைகளை அணைத்துவிட்டார்களாம். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த டிரைவர், பேப்பரைத் தேடிப் படித்து மனைவிக்கு விளக்கிச் சொன்னார். நாலு டன் மண்ணைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் இரண்டு டன் வெள்ளைப் பொடி வரும். அந்தப் பொடியில் பகலும் ராத்திரியும் விடாமல் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு டன் அலுமினியம்.

"அப்ப பூமியில மண்ணு தீர்ந்துபோச்சா?" என்று அக்கா கேட்டார்.

"தீரலையே. பூமியோட மேல்தோல்ல வேற எந்த உலோகத்தைவிடவும் இதுதான் அதிகமாம்."

"அவ்வளவு இருக்கறது என் பட்டறைக்கு ஏன் வரல?"

"அதை இதுல போடல" என்று டிரைவர் பேப்பரை மடித்தார். இந்த மனிதரின் நிதானம்தான் அக்காவுக்குப் பாதி எரிச்சலைக் கிளப்பியது. முப்பது வருடம் நெரிசலில் பஸ் ஓட்டியவர். முன்னால் வண்டி நின்றால் இவரும் நிற்பார், ஹாரன் அடிக்க மாட்டார்.

நான்காவது மாதம்தான் உண்மை வெளியே வந்தது. உலோகம் கொஞ்சம் வரத் தொடங்கியிருந்தது. ஆனால் குழாய் இழுக்கும் ஆலைக்காரர்கள், ஜன்னல் சட்டத்துக்கும் கார் பாகத்துக்கும் பெரிய பெரிய ஆர்டரை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து எம்.எம். அச்சை மாட்டவே தயாராக இல்லை. ஐந்து டன் எடுத்தால் மாட்டுகிறோம் என்றார்கள். ஐந்து டன் என்பது அக்காவுக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடக் குழாய். ஊன்றுகோல் செய்கிற ஒருவரையும், மடக்குக் கட்டில் செய்கிற ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஆர்டர் போடலாம் என்று அலைந்து பார்த்தார். கட்டில்காரர் ஒப்புக்கொண்டார். ஊன்றுகோல்காரர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "நான் மரத்துக்கு மாறிட்டேங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முறிந்தது.

அந்த நாட்களில் அக்காவின் கண்ணில் அலுமினியத்தைத் தவிர வேறு எதுவும் படவில்லை. தெருவில் போனால் ஜன்னல் சட்டம் அலுமினியம், கடை ஷட்டருக்குப் பக்கத்தில் சாய்த்திருக்கும் ஏணி அலுமினியம், பிள்ளைகள் குடித்துவிட்டு உதைத்து விளையாடும் டின் அலுமினியம். பக்கத்து வீட்டுக்காரம்மா மீந்த சாப்பாட்டை ஃபாயிலில் சுற்றிக் கொடுத்தபோது, "இதுக்கு மட்டும் எங்கேர்ந்துதான் கிடைக்குதோ" என்று அந்தத் தாளையே முறைத்தார். கொடுத்த அம்மாள் ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்.

சீட்டுகள் மட்டும் நிற்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். தினமும் இரண்டு பேரையாவது அனுப்புவாள். கடைகளில் விற்கிற வாக்கரும் அதே காரணத்தால் வரவில்லை. கை பலமுள்ளவர்கள் இரும்பு வாக்கரை வாங்கிக்கொண்டார்கள். முடியாதவர்கள் அக்காவின் நோட்டில் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் சலூன்காரர். வயது அறுபத்தொன்று, ஆறடிக்கு மேல் உயரம். கடையில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, சரிந்து விழுந்து, இடுப்பும் வலது மணிக்கட்டும் உடைந்துவிட்டன. இடுப்பில் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தினார்கள். மணிக்கட்டு சரியாகச் சேரவில்லை. இரும்பைத் தூக்கி வைக்க அந்தக் கையால் ஆகாது. சீக்கிரம் எழுந்து நடக்காவிட்டால் கால் வலுவிழந்துவிடும் என்று பிசியோ சீட்டிலேயே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

ஆரம்பத்தில் அவரே போன் செய்வார். "அக்கா, நாற்பது வருஷம் நின்னுகிட்டே சம்பாதிச்சவன் நான். படுக்க வெச்சா எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. எப்ப வரும்?" அக்கா அடுத்த வாரம் என்பார். பிறகு அவர் மகள் போன் செய்தாள். அவளுக்கும் அடுத்த வாரம்தான். 'அடுத்த வாரம்' என்று சொல்லும்போதெல்லாம் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் போனதாக அக்கா பிற்பாடு சொன்னார்.

ஒருநாள் காலையில் வெல்டர், "பழைய சாமான் கிடங்குல போய்ப் பாக்கலாமே" என்றார். ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு. அலுமினியம் மட்டுமே தனியாக, மூட்டை மூட்டையாக அழுத்திக் கட்டி, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். நசுங்கிய டின்கள், ஜன்னல் சட்டங்கள், பஸ்ஸின் பக்கத் தகடுகள். ஒரு மூட்டையின் ஓரத்தில் சப்பையாகிப் போன குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ரப்பர் குல்லா. அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். தான் அடித்த ரிவெட். தான் ஒட்டிய நீல ஸ்டிக்கர். ஒன்றல்ல, அந்த ஒரு மூட்டையிலேயே மூன்று வாக்கர்.

"இதைப் பிரிச்சுக் குடுங்க" என்றார்.

"கட்டினதைப் பிரிக்க முடியாதும்மா. நாளைக்குக் கன்டெய்னர் ஏறுது" என்றார் கிடங்கு மேனேஜர்.

"எங்க போகுது?"

"கடல் தாண்டி. அங்க உருக்குவாங்க."

"உருக்கி?"

"திரும்ப இங்கதான் வரும். ஜன்னலாவோ குழாயாவோ." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அந்த மூட்டையை ஓங்கி ஓர் உதை விட்டார். கால் பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் பதினாறு வருட நோட்டுகளையும் இறக்கிவைத்தார். எந்த வீட்டில் எத்தனை அங்குலம் என்று எல்லாமே அதில் இருந்தது. கிடங்குக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே போய் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, டிரைவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

முதல் வீட்டில் வாக்கரின் மேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போங்கக்கா, இடத்தை அடைச்சுகிட்டு நிக்குது" என்று துணியை உருவிவிட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் போன வாரம்தான் எடைக்குப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர், அந்த வாக்கரைப் பிடித்துக்கொண்டே நின்ற பெரியவர். அக்கா விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் இன்னும் போகலையேம்மா" என்றார் அவர். "போனா சொல்லியனுப்பச் சொல்றேன்."

ஸ்கூட்டரில் டிரைவரின் தோள் குலுங்கியது. "சிரிக்காதீங்க" என்று அக்கா முதுகில் ஒன்று வைத்தார்.

மூன்று வாரத்தில் இருபத்தாறு வாக்கர் தேறியது. குல்லா மாற்றி, ரிவெட் மாற்றி, வரிசைப்படி கொடுத்துக்கொண்டே வந்தார். ஆனால் சலூன்காரருக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. அவருக்கு வேண்டியது முப்பத்தெட்டு அங்குலம். கிடைத்தவற்றின் கால்களை எவ்வளவு இழுத்து நீட்டினாலும் முப்பத்தாறுக்கு மேல் போகவில்லை. நோட்டுகளைப் புரட்டியதில் முப்பத்தெட்டு என்று ஒரே ஒரு பதிவு இருந்தது. ஒரு மாடி வீடு. அங்கிருந்த ரயில்வே கார்டு இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவர் மகன் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அதன் குறுக்குக் கம்பியில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. கைப்பிடியில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. அக்கா நிலைமையைச் சொன்னார். மகன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதுங்க. ஆனா குடுக்க முடியாது."

"ஒரு மாசத்துக்கு மட்டும். அப்புறம் நானே கொண்டுவந்து குடுத்துடறேன்."

"வேற எதை வேணும்னாலும் கேளுங்க." அவர் கம்பியில் கிடந்த துண்டின் மடிப்பைச் சரிசெய்தார். "இது வேண்டாமே."

அக்கா எழுந்துவிட்டார். மாடிப்படியில் இறங்கும்போது கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உபயோகமில்லாமல் நிற்கிற பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று பாதி, அப்பன் துண்டைப் பார்த்தபிறகும் இரண்டாம் தடவை கேட்டேனே என்று மீதி. "இன்னொரு தடவை கேட்டுப் பாக்கட்டுமா?" என்று வாசலில் நின்றபடி டிரைவரிடம் கேட்டார். "வேண்டாம்மா" என்றார் அவர்.

ஐந்தாவது மாதக் கடைசியில் வியாபாரியே கூப்பிட்டார். "மேடம், இருபத்தஞ்சு எம்.எம். வந்திருக்கு!" அக்கா வெல்டரையும் கூட்டிக்கொண்டு ஓடினார். குழாய் பளபளவென்று இருந்தது. கையில் எடுத்ததுமே கனம் சரியில்லை என்று தோன்றியது. அளவுக்கருவியை வைத்துப் பார்த்தால் சுவர் இரண்டு மில்லிமீட்டர்.

வெளியே பார்க்க அதே குழாய்தான். உள்ளே ஒரு மில்லிமீட்டர் வாய் குறைந்துவிட்டது. வாக்கரின் கால் நீளவும் குறையவும் வேண்டுமானால் உள்ளே இருபத்திரண்டு எம்.எம். குழாய் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். இதில் அது நுழையவே நுழையாது.

"குழாய்னா குழாய்தானே மேடம். எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க" என்றார் வியாபாரி.

"எல்லாரும் ஷாமியானா கட்டறாங்க. நான் மனுஷங்களை நிறுத்தறேன்!"

வியாபாரி வெல்டரைப் பார்த்தார். வெல்டருக்கு அந்தச் சமயம் இரண்டு காதும் கேட்கவில்லை.

திட்டிக்கொண்டேதான் எடுத்துக்கொண்டார். பட்டறையில் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. நீளும் காலே இல்லாமல், ஆளுக்கு அளந்து ஒரே உயரத்தில் அறுத்துவிட்டால் உள்குழாய் தேவைப்படாது; கனமும் பழையபடி இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது. திரும்ப வாங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கவும் முடியாது. அக்காவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "இதைச் செய்யறதுக்கு வெட்கமா இருக்கு" என்றபடியே முதல் குழாயை ரம்பத்தில் வைத்தார். முதலில் அறுத்தது முப்பத்தெட்டு அங்குலம்.

சலூன்காரர் வீட்டுக்கு அக்கா போனபோது, சீட்டு வந்து பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தது. பிசியோவும் வந்திருந்தாள். கடைசி மூன்று வாரமாக அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை என்பது அக்காவுக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தொடைகள் கையளவுக்குச் சூம்பியிருந்தன. பிசியோ அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்ட, மகள் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். கைகள் வாக்கரை எட்டின. உயரம் அச்சாகப் பொருந்தியது. அடுத்த நொடியே முழங்கால் இரண்டும் மடிந்தன. மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் மடிந்தன.

கட்டிலில் உட்காரவைத்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே வாக்கரைத் தடவிப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்கக்கா. லேசா இருக்கு" என்றார். பிறகு, "என் காலுந்தான் லேசாயிடுச்சு" என்று சிரிக்கப் பார்த்தார்.

தினமும் பயிற்சி கொடுத்தால் நாலைந்து மாதத்தில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று பிசியோ வெளியே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மகள் வாசல் வரை வந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஒரு மாசம் முன்னாடி கொண்டுவந்திருக்க முடியாதாக்கா?"

அக்கா வாயைத் திறந்தார். மண் வெட்டாததையும், அணைந்த உலைகளையும், கப்பலையும், ஐந்து டன்னையும், கட்டிலோரம் நின்ற இன்னொருவரின் வாக்கரையும் வரிசையாகச் சொல்லிவிடலாம். எல்லாம் நடந்தவைதான். ஆனால் அந்தப் பெண் கையில் அப்பாவின் மருந்துச் சீட்டு இருந்தது. அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

"முடியலம்மா" என்றார். "போய் அடுப்பைப் பாரு."

ஸ்கூட்டரில் ஏறியதும்தான் உடைந்தார். "யார்கிட்டங்க போய்க் கோவிச்சுக்கறது? வியாபாரிகிட்ட கேட்டா ஆலைங்கறான். ஆலைக்காரன் கரண்டுங்கறான். மண்ணு வெட்டறவன் என்ன சொல்வானோ, அவன் மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல. ஒருத்தன் பொய் சொல்லியிருந்தாக்கூட அவன் சட்டையைப் பிடிக்கலாம். எல்லாரும் நெஜத்தையே சொல்லியிருக்காங்க!"

முன்னால் ஒரு லாரி நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். லாரி நகர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

இப்போது ஒன்றரை எம்.எம். சுவருள்ள குழாய் வருகிறது, ஒரு மாதம் வந்தால் ஒரு மாதம் வருவதில்லை. வந்த மாதத்தில் அக்கா தேவைக்கு மேலேயே வாங்கிவிடுகிறார். பட்டறை நிறைந்து வழிந்து, படுக்கையறைச் சுவரோரம் வரை குழாய்க் கட்டுகள் சாய்ந்து நிற்கின்றன. சலூன்காரர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகிறார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது; மகள் ஒரு பக்கம் பிடித்தால் இவர் மறுபக்கம் பிடிக்கிறார். போன வாரம் பதினொன்று எண்ணும் வரை சலூன்காரர் நின்றார். அதற்கு முந்தின வாரம் பதினாலு வரை நின்றிருந்தார்.